பாம்பு சரியில்லைன்னா மொதல்ல பெட்டியைப் பாருங்க: அறிகுறி வாரியா என்ன செய்யலாம்

வீட்டுல வளர்க்குற பாம்புக்கு உடம்பு முடியலைன்னா அது நாய் மாதிரி முனகாது, பூனை மாதிரி ஒரு மூலையில போய்ச் சுருண்டு படுத்தும் காட்டாது, ஏன்னா நல்லா இருக்குறப்பவே அது மூலையில சுருண்டுதான் கெடக்கும். அதனால நாம கவனிக்கிறப்போ பாதி நேரம் லேட்டாயிடுது. நான் ஏழு வருஷமா ஒரு பால் பைத்தானும் (Ball python, பந்து மாதிரி சுருண்டுக்குற மலைப்பாம்பு வகை) ரெண்டு கார்ன் ஸ்நேக்கும் வெச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் பாம்புக்கு என்ன ஆச்சுன்னு தேட ஆரம்பிச்சு கடைசியில பெட்டிக்கு என்ன ஆச்சுங்கிற இடத்துலதான் வந்து நின்னிருக்கேன். அதனால இதை மருந்துப் பட்டியலா எழுதல. என்ன தெரியுதோ அதுலேருந்து ஆரம்பிச்சு, பெட்டியில எதைச் செக் பண்ணணும், எந்த இடத்துல கையைக் கட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடணும்னு எழுதியிருக்கேன்.

படிக்கிறதை நிறுத்திட்டு உடனே கிளம்ப வேண்டியது

வாயைத் தொறந்துகிட்டே மூச்சு விடுது, மல்லாக்கப் போட்டா திரும்பத் தெரியல, தலையை அண்ணாந்து மேலயே பாத்துக்கிட்டு இருக்கு, பின்னாடி துவாரத்துலேருந்து உள்ள இருக்குற சதை வெளிய வந்து நிக்குது, பெரிய சூட்டுப் புண்ணு, தொட்டாலும் அசைவே இல்ல. இதுல எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி "பாம்பு பாப்பீங்களா"ன்னு கேட்டுக்கோங்க, நாய் பூனை மட்டும் பாக்குற டாக்டர்தான் நிறைய பேர், அங்க போய் நின்னு திரும்பி வர்றதுல அரை நாள் போயிடும். கொண்டு போறப்போ ஒரு காட்டன் தலகாணி உறைக்குள்ள விட்டு உறையோட வாயை முடிச்சுப் போட்டு, அதைக் காத்துப் போற ஓட்டை வெச்ச பிளாஸ்டிக் டப்பாக்குள்ள வைங்க. குளிர் நேரமா இருந்தா துணி சுத்தின வெந்நீர் பாட்டில் ஒண்ணு டப்பாவோட ஒரு ஓரத்துல, பாம்பு மேல படாம. கடைசியாப் போன கழிவு கெடைச்சா ஒரு சின்ன டப்பாவுல எடுத்துக்கோங்க, பெட்டியோட சூடு ஈரப்பதம் ரெண்டையும் எழுதிக்கோங்க, நல்ல டாக்டர் மொதல்ல கேக்குறதே அதைத்தான்.

மத்த எல்லாத்துக்கும்: மொதல் இருபது நிமிஷம் அளக்குறதுக்கு

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, பெட்டி குடுக்குறதுதான். செரிக்கிறது, நோயை எதுக்குறது, டாக்டர் போடுற மருந்து வேலை செய்யுறது எல்லாமே அந்தச் சூட்டைப் பொறுத்துத்தான். அதனால "கையை வெச்சுப் பாத்தேன், வெதுவெதுப்பா இருந்துச்சு"ன்றது கணக்குல வராது.

வேணுங்கிறது ரெண்டு ப்ரோப் (ஒயர் நுனியில இருக்குற சென்சார்) உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஈரப்பதம் அளக்குற ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், முடிஞ்சா தரையோட சூட்டைப் பாக்குற இன்ஃப்ராரெட் கன். ஒட்டுற டயல் மீட்டர் இருக்குல்ல, கடிகாரம் மாதிரி முள்ளு வெச்சது, அதைத் தூக்கிப் போடுங்க, என்கிட்ட இருந்த ரெண்டு டயலும் ஒரே பெட்டிக்குள்ள இருபது சதவீதம் வித்தியாசம் காட்டுச்சு. ஹைக்ரோமீட்டர் சரியாக் காட்டுதான்னு பாக்க ஒரு பழைய வழி இருக்கு. ஒரு பாட்டில் மூடியில சமையல் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்கு சில சொட்டுத் தண்ணி விட்டு, மீட்டரையும் அதையும் சேத்து ஜிப் கவர்ல மூடி ஒரு ராத்திரி விடுங்க. காலையில 75 காட்டணும். 68 காட்டுச்சுன்னா உங்க மீட்டர் 7 கம்மியாச் சொல்லுதுன்னு அர்த்தம், மீட்டர் மேலயே எழுதி ஒட்டிடுங்க.

அப்புறம் இலக்கு. பால் பைத்தானுக்கு சூடான பக்கம் 31லேருந்து 33 டிகிரி செல்சியஸ், குளிர் பக்கம் 25லேருந்து 27, ஈரப்பதம் 60லேருந்து 70 சதவீதம். போவாவுக்கும் கிட்டத்தட்ட இதேதான். கார்ன் ஸ்நேக்குக்கு சூடான பக்கம் 29லேருந்து 31, குளிர் பக்கம் 22லேருந்து 25, ஈரப்பதம் 40லேருந்து 60. மூணுலயும் முக்கியமானது ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ங்கிற அந்த வித்தியாசம். பெட்டி முழுக்க ஒரே 30 டிகிரி இருந்தா அது பாம்புக்கு வசதி இல்ல, தண்டனை.

சூடு ஏறினா ஹீட்டரைத் தானே அணைக்குற தெர்மோஸ்டாட் இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க, ப்ரோப் எங்க இருக்குன்னு கேளுங்க. எங்க வீட்டுல ஒரு தடவை ப்ரோப் டேப் விட்டுப் போய் நேரா தண்ணிக் கிண்ணத்துக்குள்ள விழுந்துடுச்சு. தெர்மோஸ்டாட்டுக்கு என்ன தெரியும், தண்ணி சூட்டைப் பாத்து "இன்னும் குளிரா இருக்கு இன்னும் குளிரா இருக்கு"ன்னு பெட்டிக்கு அடியில விரிச்ச ஹீட் மேட்டை (சூடு தர்ற பாய்) விடாம எரிய விட்டிருக்கு. நான் வேலை முடிஞ்சு வந்து பாக்குறப்போ மேட் மேல தரை 47 டிகிரி. பாம்பு அதிர்ஷ்டவசமா எதிர் மூலையில இருந்துச்சு. சூடு சுட்டா அதுவே நகர்ந்துக்கும்னு நம்பாதீங்க, அடியிலேருந்து வர்ற சூட்டுல அப்படியே படுத்துக் கெடந்து வயிறு வெந்து போற பாம்புங்க நிறைய. ப்ரோப்பை மேட்டுக்கும் பெட்டியோட அடிப்பாகத்துக்கும் நடுவுல வெச்சு, டேப் நம்பாம ஒரு கிளிப்போ கேபிள் டையோ போட்டு இறுக்குங்க.

அளந்து முடிச்சீங்களா, இனிமே அறிகுறி.

மூச்சு விடுறப்போ விசில் சத்தம், மூக்குல குமிழி, வாய் ஓரத்துல எச்சில்

சட்டை உரிக்கப் போற சமயத்துல மூக்கு அடைச்சு லேசா விசில் வரும், உரிச்சதும் நின்னுடும், அது ஓகே. அது இல்லாம சளி, குமிழி, களக் களக்னு சத்தம், தலையைத் தூக்கி வெச்சுக்கிட்டே தூங்குறது இதெல்லாம் இருந்தா மூச்சுக்குழாய்த் தொற்றா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். பாம்புக்கு உதரவிதானம் கெடையாது, நம்மள மாதிரி இருமி சளியை வெளிய தள்ள முடியாது, உள்ள சேந்துக்கிட்டே போகும், அதனால "நாலு நாள் பாக்கலாம்" வேண்டாம்.

பெட்டி பக்கம் காரணம் பெரும்பாலும் குளிர்தான், இல்லைன்னா காத்தோட்டமே இல்லாம ஈரம் தேங்கி நிக்குறது. ஈரப்பதம் அதிகமா இருந்தாலே நோய் வரும்னு சிலர் பயந்து பெட்டியைக் காய வெச்சுடுறாங்க, அது தப்பு, ஈரத்தோட குளிரும் சேரும்போதுதான் வம்பு. டாக்டரைப் பாக்குற வரைக்கும் சூடான பக்கத்தை அந்த இனத்தோட மேல் அளவுலயே வைங்க, ராத்திரியும் ரொம்ப இறங்க விடாதீங்க, கையில எடுக்காதீங்க, சாப்பாடு வேண்டாம்.

டாக்டர் பெரும்பாலும் ஊசிதான் போடுவாங்க, அடிக்கடி குடுக்குற ஒரு ஆன்டிபயாட்டிக் மூணு நாளைக்கு ஒரு தடவை போடுறது, பல வாரம் போகும். ரெண்டாவது ஊசியிலயே பாம்பு தெளிவாயிடும், அங்கதான் ஆளுங்க நிறுத்திடுறாங்க. நிறுத்தாதீங்க. ஊசியை ஏன் உடம்போட முன் பாதியிலேயே போடுறாங்கன்னா, பின் பாதி ரத்தம் இதயத்துக்குப் போறதுக்கு முன்னாடி கிட்னி வழியா போக வாய்ப்பு இருக்கு, மருந்து வீணாகலாம், கிட்னிக்கும் நல்லதில்ல. வீட்டுல நீங்களே போடச் சொன்னா டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட இருந்து பாத்துக் கத்துக்கோங்க. மாட்டுக்கும் கோழிக்கும் வாங்குன மருந்தைக் கணக்குப் போட்டுக் குடுக்குற வேலை வேண்டவே வேண்டாம்.

பைத்தானா இருந்து, ஆன்டிபயாட்டிக் முழுசா முடிச்சும் திரும்பத் திரும்ப வருதுன்னா நிடோவைரஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. 2014ல கண்டுபிடிச்ச வைரஸ் இது, வாயில ஸ்வாப் எடுத்துப் பாக்கலாம். இருந்துச்சுன்னா மத்த பாம்புங்களைக் காப்பாத்துறதுதான் மொதல் வேலை.

தண்ணிக் கிண்ணத்துலயே கெடக்குது

எனக்குப் பிடிச்ச அறிகுறி இது, ஏன்னா நாலு வேற காரணம் இருக்கும், எல்லாத்தையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். கண்ணு மங்கலா இருந்தா சட்டை உரிக்கப் போகுது, விட்டுடுங்க. குளிர் பக்கமே 30க்கு மேல இருந்தா அது வெக்கை தாங்காம இறங்கியிருக்கு. ஹைக்ரோமீட்டர் 40க்குக் கீழ இருந்தா பெட்டி காஞ்சு கெடக்குது. இது மூணும் இல்லைன்னா ஒரு வெள்ளை டிஷ்யூவை நனைச்சு பாம்பைத் தலையிலேருந்து வால் வரைக்கும் தொடைச்சுப் பாருங்க, கிண்ணத்தோட அடியையும் பாருங்க. மிளகுத்தூள் கொட்டின மாதிரி கருப்புப் புள்ளி இருந்தா, அதுல ஏதாவது நகர்ந்தா, மைட்ஸ், பாம்போட ரத்தத்தைக் குடிக்கிற குட்டிப் பூச்சிங்க.

கண்ணைச் சுத்தி, தாடைக்குக் கீழ மடிப்புல, உதட்டு மேல இருக்குற வெப்பக் குழியில ஒளிஞ்சிருக்கும். செதில் மேல வெள்ளையா தூசி படிஞ்ச மாதிரி இருந்தா அது அதுங்களோட கழிவு. இதுல எல்லாரும் தோத்துப் போற எடம் எதுன்னா, பாம்பைக் குளிப்பாட்டிச் சுத்தம் பண்ணிட்டு அதே பெட்டிக்குள்ள திரும்ப விடுறது. மைட்ஸ் முட்டை போடுறது பாம்பு மேல இல்ல, பெட்டி இடுக்குல, ஹைட் (பாம்பு ஒளியுற கூடு) அடியில, மூடியோட விளிம்புல. ஒரு பெட்டை அறுபது எண்பது முட்டை போடும், முட்டையிலேருந்து பெரிசாகுறதுக்கு ரெண்டு மூணு வாரம் போதும். அதனால சப்ஸ்ட்ரேட் (பெட்டித் தரையில விரிக்கிற தூள்) மொத்தத்தையும் கட்டி வெளிய போட்டுடுங்க, மரக்கட்டை அலங்காரத்தையும் விட மனசு வந்தா போட்டுடுங்க, மத்ததை சுடு தண்ணியில கழுவுங்க, இடுக்கெல்லாம் பிரஷ் வெச்சுத் தேயுங்க, அப்புறம் வெறும் டிஷ்யூ பேப்பர் விரிச்சு அஞ்சாறு வாரம் ஓட்டுங்க. பாம்பு மேல போடுற மருந்து டாக்டர் சொல்றதுதான், ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயை துணியில அடிச்சுத் தொடைக்கச் சொல்லுவாங்க, நேரா அடிக்க மாட்டாங்க. பெர்மெத்ரின் இருக்குற ஸ்ப்ரே பெட்டிக்குத்தான், பாம்பும் தண்ணிக் கிண்ணமும் வெளிய இருக்கணும், முழுசாக் காஞ்சு வாடை போன பெறகுதான் உள்ள விடணும், இல்லைன்னா நரம்பைத் தாக்கி பாம்பு நடுங்க ஆரம்பிச்சுடும். சமையல் எண்ணெய் தடவுற வழியும் சொல்லுவாங்க, நானும் பண்ணியிருக்கேன், வழுக்கிக்கிட்டு ஓடுற அஞ்சடி பாம்பை எண்ணெய்க் கையோட பிடிச்சதுதான் மிச்சம்.

சட்டை துண்டு துண்டா உரிஞ்சிருக்கு

முழுசா காலுறை மாதிரி ஒரே துண்டா வரணும். பிஞ்சு பிஞ்சு வந்தா ஈரப்பதம் போதல, வேற பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. ரெண்டு எடத்தை மட்டும் கட்டாயம் பாருங்க: கண்ணு, வால் நுனி. வால் நுனியில பழைய சட்டை வளையமா இறுகி நின்னா ரத்தம் போறது நின்னு நுனி கருத்துச் செத்துடும். உரிஞ்ச சட்டையோட தலைப் பாகத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா கண்ணு மேல இருக்குற ரெண்டு கண்ணாடி மூடியும் வந்திருக்கான்னு தெரியும். வரலைன்னா ட்வீசர் எடுத்துக்கிட்டுக் கெளம்பாதீங்க, அடியில இருக்குற புது மூடியையும் சேத்துப் பிச்சா கண்ணே போயிடும்.

செய்ய வேண்டியது என்னன்னா, ஒரு டவலை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, தலகாணி உறைக்குள்ள போட்டு, பாம்பையும் விட்டு, 28, 29 டிகிரி இருக்குற எடத்துல அரை மணி நேரம், பக்கத்துலயே உக்காந்துக்கோங்க. அது துணிக்குள்ள ஊர்ந்து தானே தேச்சுக்கும், வெறும் தண்ணி டப்பாவுல மிதக்க விடுறதை விட இது நல்லா வேலை செய்யுது, பாம்புக்கும் பதட்டம் கம்மி. கண்ணு மூடி மட்டும் நின்னா ஈர ஹைட் வெச்சு அடுத்த உரிப்பு வரைக்கும் பொறுங்க, அப்பவும் வரலைன்னா டாக்டர்.

சாப்பிட மாட்டேங்குது

பால் பைத்தான் வெச்சிருக்குறவங்க இதுக்குப் பயந்தா வருஷத்துல பாதி நாள் பயந்துகிட்டேதான் இருக்கணும். வளர்ந்த பால் பைத்தான் குளிர் மாசங்கள்ல ரெண்டு மூணு மாசம் சாப்பிடாம இருக்குறது சாதாரணம். இங்க கேள்வி எத்தனை நாளாச்சுன்னு இல்ல, எடை எவ்ளோ போச்சுன்னுதான். சமையலறைத் தராசு ஒண்ணு வாங்கி வாரம் ஒரு தடவை எழுதுங்க. உண்ணாவிரதம் ஆரம்பிச்சப்போ இருந்த எடையில பத்து சதவீதம் கொறைஞ்சாலோ, முதுகெலும்பு கூரை முகடு மாதிரி தூக்கித் தெரிஞ்சாலோ, கூட வேற அறிகுறி இருந்தாலோ டாக்டர். குட்டியா இருந்தா இவ்ளோ பொறுமை கூடாது, ஒரு மாசம் தாண்ட விடாதீங்க.

புதுசா வந்த பாம்பா? ஒரு வாரம் பத்து நாள் தொடாம விடுங்க. சூடு சரியா? ஒளியுறதுக்கு ரெண்டு பக்கமும் எடம் இருக்கா? ஃப்ரோசன் எலி குடுக்குறீங்கன்னா ராத்திரி ஃப்ரிட்ஜ்ல உருக விட்டு, அப்புறம் ஜிப் கவர்ல போட்டு சுடு தண்ணியில வெச்சு தலைப் பக்கம் 38 டிகிரி கிட்ட வர்ற வரைக்கும் சூடு பண்ணுங்க, அந்தச் சூட்டைப் பாத்துத்தான் பைத்தான் பாயும். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு தடவை பண்ணவங்க ரெண்டாவது தடவை பண்ண மாட்டாங்க. உயிரோட எலியை உள்ள விட்டுட்டுப் போகாதீங்க, பசிக்காத பாம்பை எலி கடிச்சுக் குதறி வெச்சுடும்.

சாப்பிட்டதைக் கக்கிடுச்சு

மூணு கேள்வி: சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள்ள கையில எடுத்தீங்களா, எலி பாம்போட பெருத்த எடத்தை விடப் பெருசா இருந்துச்சா, சூடு கொறைஞ்சதா. ஒண்ணுக்கு ஆமான்னு வந்தா காரணம் தெரிஞ்சுடுச்சு. தப்பு என்னன்னா பாவம் பசிக்குமேன்னு அடுத்த நாளே இன்னொண்ணு குடுக்குறது. கக்கும்போது வயித்து அமிலம் தொண்டை வழியா வந்து உள்ளெல்லாம் புண்ணாயிருக்கும், ரெண்டு வாரம் தண்ணி மட்டும், அப்புறம் வழக்கமான அளவுல பாதி எலி. ரெண்டாவது தடவையும் கக்கினா டாக்டர். திரும்பத் திரும்பக் கக்கி, நடு உடம்புல ஒரு கட்டி மாதிரி வீக்கமும் இருந்தா கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணியா இருக்கலாம், அதுக்கு நம்பிக்கையான மருந்து இல்ல, சாதாரண ப்ளீச்சுக்கும் சாகாது, அதனால அந்தப் பாம்போட கிடுக்கி, கிண்ணம் எதையும் வேற பெட்டிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

வயித்துப் பக்கம் சிவப்பு, பழுப்பு, கொப்புளம்

சட்டை உரிக்கப் போறப்போ சில பாம்புக்கு வயிறு லேசா ரோஸ் கலர் ஆகும், அதைக் குழப்பிக்காதீங்க. செதில் ஓரம் பழுத்து, தொட்டா மெத்துன்னு, நாத்தம் வந்தா அது ஈரத்துல ஊறி வர்ற செதில் அழுகல். ஹீட் மேட் மேல படுக்குற எடத்துக்குச் சரியா ஒரே பகுதியில சிவந்து கொப்புளம்னா சூட்டுப் புண்ணு. சூட்டுப் புண்ணுக்கு நேரா டாக்டர், ஐஸ் வைக்காதீங்க, களிம்பு தடவாதீங்க. செதில் அழுகல் ஆரம்பத்துல ரெண்டு மூணு செதில்தான்னா டிஷ்யூ பேப்பர்ல மாத்தி, போவிடோன் அயோடினை லைட்டான டீ கலருக்குத் தண்ணியில கலந்து தினம் ஒத்தி எடுத்துக் காய விடுங்க. ஒரு வாரத்துல பரவுறது நிக்கலைன்னாலோ கொப்புளத்துல திரவம் இருந்தாலோ அது வீட்டுல தீராது.

வாய் சரியா மூடல, ஈறு சிவப்பு

உள்ள தயிர்க்கட்டி மாதிரி மஞ்சளா இருந்தா அதுதான் சீழ், பாம்புக்குச் சீழ் கெட்டியாத்தான் வரும், சுரண்டாதீங்க. டாக்டர். பெட்டியில பாக்க வேண்டியது குளிர், அப்புறம் பாம்பு மூக்கைக் கண்ணாடியில தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கிக்குதாங்கிறது. ராத்திரி முழுக்க மூக்கை இடிச்சுக்கிட்டு சுத்துற பாம்புக்கு ஒளிய எடம் இல்ல, இல்ல பெட்டி சின்னது, இல்ல எங்கயோ சூடு அதிகம்.

தலை ஆடுது, குறி தப்புது

ஸ்பைடர் மார்ஃப்ங்கிற நிற வகை பால் பைத்தான்னா பொறவியிலேயே உள்ளது, குணமாகாது, வாங்குறப்பவே யோசிக்க வேண்டிய விஷயம். இல்லைன்னா அதிக வெக்கை, பூச்சி மருந்து, இல்ல போவாவுல ஐபிடின்னு சொல்ற வைரஸ் நோய். எதா இருந்தாலும் டாக்டர்தான்.

நோயாளிப் பெட்டி

ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா எப்பவும் தயாரா வைங்க: டிஷ்யூ பேப்பர், கவுத்தின ஒரு டப்பாவுல வாசல் வெட்டின ஹைட் ரெண்டு, கவுக்க முடியாத தண்ணிக் கிண்ணம், அடியில மூணுல ஒரு பங்குக்கு ஹீட் மேட், தெர்மோஸ்டாட். அழகா இருக்காது, ஆனா கழிவு, சளி, மைட்ஸ் எல்லாம் வெள்ளைப் பேப்பர்ல உடனே தெரியும். மத்த பாம்புங்களுக்கு வேலை முடிச்சுட்டுக் கடைசியா இதைத் தொடுங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, சால்மோனெல்லா நமக்கும் வரும். புதுப் பாம்பு எது வந்தாலும் தொண்ணூறு நாள் இந்த மாதிரித் தனி அறையில.

பெரிய பெட்டியைச் சரி பண்றது

பாம்பு வார்டுல இருக்குற நாலஞ்சு வாரம் பழைய பெட்டியை மாத்துறதுக்கு நல்ல நேரம். கழுவ ஃபினாயில் எடுக்காதீங்க, அந்த வகை பாம்புக்கு விஷம். ப்ளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி, பத்து நிமிஷம் ஊற விட்டு, வாடை போற வரைக்கும் அலசிக் காய வைங்க. பாம்போட முழு நீளம் பெட்டிக்குள்ள நீட்டிப் படுக்குற அளவு எடம் இருக்கணும்.

மேல கம்பி வலை மூடின்னா ஈரம் எல்லாம் அதுல போயிடும், முக்கால்வாசியை அக்ரிலிக் ஷீட்டால மூடுங்க, சூட்டு பல்பு இருக்குற எடத்தை விட்டுட்டு. தென்னை நார்த் தூளோ சைப்ரஸ் மரத் துண்டோ எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு, தண்ணியை ஸ்ப்ரே பண்ணாம மூலைகள்ல ஊத்துங்க, அடி ஈரமா இருக்கும் மேல காஞ்சிருக்கும், ஈரப்பதம் நாள் கணக்குல நிக்கும், வயிறும் அழுகாது. நான் ரெண்டு வருஷம் தினம் மூணு வேளை ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு இருந்தேன், இதை யாராவது மொதல்லயே சொல்லியிருக்கலாம். சீடர் மரத்தூள் மட்டும் வேண்டாம், அதோட எண்ணெய் நுரையீரலைக் கெடுக்கும்.

ஹைட் பெருசா இருக்கக் கூடாது, உள்ள போனா மூணு பக்கமும் உடம்பு உரசணும், சூடான பக்கம் ஒண்ணு குளிர் பக்கம் ஒண்ணு, ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா இன்னும் நல்லது, இல்லைன்னா பிடிச்ச ஹைட்டுக்காகத் தப்பான சூட்டுல போய் உக்காந்துக்கும். மேலேருந்து வர்ற சூடுன்னா பல்புக்குக் கம்பிக் கூண்டு கட்டாயம். ஹீட் மேட்டுக்கு சாதா ஆன் ஆஃப் தெர்மோஸ்டாட் போதும், வெளிச்சம் தர்ற பல்புக்கு டிம்மிங் வகை, செராமிக் ஹீட்டருக்கு பல்ஸ் வகை. ராத்திரி சிவப்பு லைட் போடாதீங்க, இருட்டா இருக்கட்டும்.

எல்லாம் வெச்சு முடிச்சதும் பாம்பை உடனே விட்டுடாதீங்க. மூணு நாள் காலியா ஓட்டுங்க, காலையில, மதியம், நடு ராத்திரி மூணு வேளையும் ரெண்டு பக்கச் சூட்டையும் ஈரத்தையும் எழுதுங்க. எனக்கு கடைசியா மாத்தினப்போ ரெண்டாவது ராத்திரி குளிர் பக்கம் 21க்கு இறங்கிடுச்சு, பகல்ல பாத்தப்போ எல்லாம் கச்சிதமா இருந்த அதே பெட்டிதான்.